ஸ்கூல் திடீர்னு மூடிட்டா புள்ளைங்க படிப்புக்கு என்ன வழி? ஆறு வழியையும் வரிசையா வச்சுப் பாப்போம்

கொள்ளை நோயோ, போரோ, நிலநடுக்கமோ எதுவா இருந்தாலும் சரி, ஸ்கூல் மூடின ரெண்டாவது வாரம் எல்லா வீட்லயும் ஒரே பேச்சுதான் ஓடும். ஆன்லைன் கிளாஸ் போதுமா, நாமளே உக்கார வச்சு சொல்லிக் கொடுக்கலாமா, பத்திரமான இடத்துல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடலாமா, இல்ல ஒரு வருஷம் போனா போகுதுன்னு விட்டுடலாமா. என்கிட்ட இதைக் கேட்ட அப்பா அம்மா எல்லாருமே புள்ளைங்க மேல உசுரா இருக்கறவங்கதான், அதனாலதான் எந்தப் பக்கம் போனாலும் தப்பாயிடுமோன்னு பயந்து முடிவெடுக்க முடியாம தவிக்கறாங்க.

இது எப்பவோ ஒரு தடவை வந்துட்டுப் போற விஷயமும் இல்ல. 2020 ஏப்ரல்ல கொரோனாவால 190க்கும் மேற்பட்ட நாடுகள்ல 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்ல இருந்தாங்க. உகாண்டால 2020 மார்ச்ல மூடின ஸ்கூல் முழுசா தொறந்தது 2022 ஜனவரிலதான். அந்த அனுபவத்துல இருந்தும் அதுக்கு முன்னாடி நடந்த போர், பூகம்பம், எபோலா தொத்து நோய்க் காலத்துல இருந்தும் நாம எடுத்துக்க நெறைய இருக்கு.

## முதல்ல எதை வச்சு எடை போடறது

அஞ்சு கேள்வி வச்சுக்குவோம்.

ஒண்ணு, உயிருக்குப் பாதுகாப்பா. இதுல பேச்சே இல்ல, இதுல ஃபெயில் ஆகற வழிய அப்பவே தள்ளி வச்சிரணும்.

ரெண்டு, தினமும் இல்லன்னாலும் வாரத்துக்கு ரெண்டு மூணு நாளாவது ஒரு பெரியவங்க அந்தப் புள்ளையோட நேரா பேசி, புரிஞ்சுதா, எங்க முட்டுதுன்னு பாக்கறாங்களா.

மூணு, சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, கூட்டாளிங்க. ஸ்கூல்னா பாடம் மட்டும் இல்லயே, 2020ல ஸ்கூல் மூடினதால 37 கோடி புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல கிடைச்சிட்டிருந்த சாப்பாடு நின்னு போச்சுன்னு ஐ.நா.வோட உலக உணவுத் திட்டம் சொன்னது, அதுல நெறைய பேருக்கு அதுதான் நாளோட நல்ல சாப்பாடா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

நாலு, இந்த வழியோட பாரம் யார் தலையில விழுது. பெரும்பாலும் அம்மா தலையில, அப்புறம் வீட்ல மூத்த பொண்ணு தலையில.

அஞ்சு, திரும்பி ஸ்கூலுக்கு வர வழி தொறந்தே இருக்கா.

என்னைக் கேட்டா ரெண்டாவதுக்கும் அஞ்சாவதுக்கும்தான் அதிக எடை கொடுப்பேன். ஏன்னு கேட்டா 2005ல பாகிஸ்தான்ல வந்த பெரிய நிலநடுக்கத்தப் பாருங்க. அங்க ஸ்கூல் மூடியிருந்தது சராசரியா 14 வாரம்தான். நாலு வருஷம் கழிச்சுப் போய் ஆய்வாளர்கள் டெஸ்ட் வச்சுப் பாத்தா, பூமி பிளந்த இடத்துக்குப் பக்கத்துல இருந்த புள்ளைங்க தூரத்துல இருந்தவங்களவிட ஒன்றரை வருஷப் படிப்பு பின்தங்கியிருந்தாங்க. மூடினது 14 வாரம், இழந்தது ஒன்றரை வருஷம், இது எப்படின்னா ஸ்கூல் தொறந்ததும் டீச்சர் பாட்டுக்கு அந்த வருஷப் பாடத்த நடத்திட்டுப் போயிருப்பாங்க, அடிப்படை விட்டுப் போன புள்ளைக்கு அதுக்கு மேல எதுவுமே ஏறியிருக்காதுங்கறதுதான் அதுக்கு சொல்லப்படற முக்கியக் காரணம். அதனால மூடின நாள்ல என்ன பண்றோம்ங்கறது பாதிதான், தொறந்த பிறகு என்ன பண்றோம்ங்கறது மீதிப் பாதி.

## 1. ஸ்கூல் நடத்தற ஆன்லைன் கிளாஸ்

எல்லாருக்கும் முதல்ல தோணற வழி இதுதான். பாதுகாப்புல பாஸ், ஸ்கூலோட தொடர்பு அறுபடாது, அதனால அஞ்சாவது கேள்விலயும் நல்ல மார்க்.

ரெண்டாவது கேள்வியிலதான் உதைக்குது. நெதர்லாந்துல 2020ல எட்டு வாரம்தான் ஸ்கூல் மூடினாங்க, கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் நல்ல இன்டர்நெட் இருக்கற நாடு அது, அங்கயே புள்ளைங்க அந்த எட்டு வாரத்துல புதுசா கத்துக்கிட்டது ரொம்பக் கொஞ்சம், இல்ல ஒண்ணுமே இல்லன்னு ஆய்வு சொல்லுது, அப்பா அம்மா அதிகம் படிக்காத வீட்டுப் புள்ளைங்களுக்கு அந்த இழப்பு 60 சதவீதம் வரைக்கும் இன்னும் அதிகம். இன்டர்நெட்டே இல்லாத வீட்டுக் கதைய சொல்லவே வேணாம், ரேடியோ, டிவி, ஆன்லைன் எதுவுமே எட்டாம கொறஞ்சது 46 கோடி புள்ளைங்க இருந்தாங்கன்னு யுனிசெஃப் 2020 ஆகஸ்ட்ல கணக்கு சொன்னது.

செலவுன்னு நாம நெனைக்கறது போனும் டேட்டாவும்தான், ஆனா மறைஞ்சிருக்கற செலவு வேற. ஒரு போன், மூணு புள்ளைங்கன்னா யாருக்குக் கொடுக்கறதுங்கற முடிவு தினமும் காலைல எடுக்கணும், அதுல சின்னதும் பொண்ணும்தான் பின்னாடி தள்ளப்படும். அப்புறம் கேமராவ ஆஃப் பண்ணிட்டு அட்டென்டன்ஸ் மட்டும் கொடுக்கற புள்ள படிக்குதுன்னு நாம நம்பிட்டிருப்போம். எங்க வீட்லயே இது நடந்துச்சு, நாலு மாசம் ஒரு நாள் லீவு இல்லாம கிளாஸ்ல உக்காந்த புள்ளைகிட்ட ஒரு நாள் கடன் வாங்கிக் கழிக்கற கணக்கு கொடுத்தேன், பென்சில வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்துச்சு, அந்த மூஞ்சி இன்னும் என் கண்ணுலயே இருக்கு. இன்னொண்ணு, நாள் முழுக்க போன் கைல இருந்தா முன்பின் தெரியாதவங்க பேச்சுக் கொடுக்கற ஆபத்தும் கூடவே வருது, அதையும் கணக்குல சேக்கணும்.

எப்ப இது நல்லது: ஒம்பதாவதுக்கு மேல, தானா உக்காந்து படிக்கற வயசு, தெரிஞ்ச டீச்சர், பத்து பன்னெண்டு பேருக்கு மேல இல்லாத நேரடி கிளாஸ். ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் இருக்கற புள்ளைக்கு இத மட்டும் நம்பாதீங்க.

## 2. ரேடியோ, டிவி, அச்சடிச்ச தாள், போன் கால்

எபோலா வந்தப்ப மேற்கு ஆப்பிரிக்கால இருக்கற சியரா லியோன்ல ஸ்கூல் எல்லாம் பல மாசம் மூடியிருந்துச்சு, 2015 ஏப்ரல்லதான் தொறந்தாங்க, நடுவுல ரேடியோல பாடம் நடத்தினாங்க. கரன்ட் இல்லாத எடத்துக்கும் ரேடியோ போகும், ஒரே நேரத்துல மொத்த வீடும் கேக்கலாம், செலவும் கொறைச்சல். ஆனா ரேடியோவும் டிவியும் ஒருவழிப் பாதை, புள்ள முழிக்குதா தூங்குதான்னு அதுக்குத் தெரியாது. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து நடுநடுல நிறுத்தி கேள்வி கேட்டாதான் அதுல ஏதாவது நிக்கும்.

இந்தப் பிரிவுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சாதாரண போன் கால்தான். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானால 2020ல ஒரு சோதனை பண்ணாங்க. சில வீடுகளுக்கு வாராவாரம் எஸ்எம்எஸ்ல ஒரு கணக்கு மட்டும் அனுப்பினாங்க, இன்னும் சில வீடுகளுக்கு எஸ்எம்எஸ்ஸோட சேத்து வாரத்துக்கு ஒரு தடவை 20 நிமிஷம் போல ஒரு கால், ஸ்பீக்கர்ல போட்டு அம்மாவோ அப்பாவோ பக்கத்துல இருக்க, டீச்சர் அந்தக் கணக்க புள்ளையோட சேந்து போடுவாங்க. எஸ்எம்எஸ் மட்டும் போன வீட்ல பெருசா மாற்றம் இல்ல, கால் போன வீட்ல புள்ளைங்களோட கணக்கு நல்லாவே தேறிச்சு. அப்புறம் இதையே இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ்னு அஞ்சு நாட்ல செஞ்சு பாத்தப்பவும் பலன் இருந்துச்சு. ஸ்மார்ட்போன் வேணாம், டேட்டா வேணாம், பட்டன் போன் போதும். புள்ளையோட கிளாஸப் பாக்காம அதுக்கு இப்ப என்ன தெரியும்ங்கறதப் பாத்து கணக்கு கொடுத்ததுதான் இதோட ரகசியம்னு நான் நெனைக்கறேன்.

மறைமுக செலவு யாருக்குன்னா டீச்சருக்கு. 40 புள்ளைங்களுக்கு 20 நிமிஷம்னா வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல வெறும் கால். ஸ்கூல் அத அவங்க வேலையா எடுத்துக்கணும், இல்லன்னா படிச்ச அத்தை, மாமா, பெரியப்பா பொண்ணுன்னு தூரத்துல இருக்கற சொந்தத்துல ஒருத்தர புடிங்க. நாலு பேர் சேந்தா நாலு புள்ளைங்களப் பாத்துக்கலாம்.

## 3. வீட்லயே நாம சொல்லிக் கொடுக்கறது

"நான் அவ்வளவா படிக்கலயே, நான் என்னத்த சொல்லிக் கொடுக்கறது"ன்னு நெறைய அம்மாங்க சொல்றாங்க. பாகிஸ்தான் ஆய்வுல இன்னொண்ணும் வந்துச்சு, அத நான் பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்: அம்மா ஆரம்பப் பள்ளிய முடிச்சிருந்த வீட்ல, அவ்வளவுதான் படிப்பு, அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு அந்த ஒன்றரை வருஷப் பின்னடைவே இல்ல. டிகிரி படிச்ச அம்மா தேவைப்படல, புள்ளையோட நோட்டப் பிரிச்சு எங்க நிக்குதுன்னு பாக்கத் தெரிஞ்ச அம்மா இருந்தா போதுமா இருந்துச்சு. அப்பாக்கள் இதப் படிச்சிட்டு அப்ப அம்மாவே பாத்துக்கட்டும்னு நகந்துடாதீங்க, உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

ஸ்கூல் மாதிரி ஆறு மணி நேரம் நடத்தணும்னு ஆரம்பிச்சீங்கன்னா ஒரு வாரத்துல சண்டைல முடியும். சின்னதுக்கு ஒரு மணி நேரம், பெருசுக்கு ரெண்டு மணி நேரம், தினமும் அதே நேரம், அதே எடம். சத்தமா வாசிக்கறது, வாசிச்சத சொந்த வார்த்தைல சொல்றது, ஒரு பக்கம் எழுதறது, நாலு கணக்கு. வரலாறு, பூகோளம் எல்லாம் அப்புறம் புடிச்சுக்கலாம், வாசிப்பும் கணக்கும் விட்டுப் போச்சுன்னா அதுக்கு மேல கட்டறது எல்லாமே சரியும்.

இதுக்கு ஆகற செலவு சம்பளத்துல வராது. அம்மா தூக்கத்துல இருந்து எடுத்த நேரம் அது. தினக்கூலிக்குப் போற வீட்ல அந்த ஒரு மணி நேரமும் கிடையாது, அவங்ககிட்ட போய் இதச் சொல்றது நியாயமே இல்ல. இன்னொரு செலவு, "அக்கா தம்பிக்கு சொல்லிக் கொடுப்பா, சமைப்பா, பாப்பாவப் பாத்துப்பா"ன்னு பதிமூணு வயசுப் பொண்ணோட படிப்ப சத்தமில்லாம எடுத்துக்கறது. அவ நோட்ட கடைசியா எப்ப பாத்தீங்கன்னு தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் யோசிங்க.

## 4. பக்கத்து வீட்டுப் புள்ளைங்களோட சின்ன குழு

அஞ்சுல இருந்து எட்டு புள்ளைங்க, ஒரு தன்னார்வலர், ஒரு மணி நேரம். ரெண்டாவது கேள்விக்கும் மூணாவது கேள்விக்கும் ஒரே நேரத்துல நல்ல பதில் சொல்ற வழி இது ஒண்ணுதான், ஏன்னா ஆளும் இருக்காங்க, கூட்டாளியும் இருக்காங்க. ஆப்கானிஸ்தானோட கோர் மாகாணத்துல கிராமத்துக்குள்ளயே ஒரு வீட்லயோ மசூதிலயோ வகுப்பு ஆரம்பிச்சு பாத்தப்ப, ஸ்கூல் போற புள்ளைங்க விகிதம் 42 சதவீதப் புள்ளி கூடிச்சு, பொண்ணுங்களுக்கு 52 சதவீதப் புள்ளி. தூரம் கொறைஞ்சதும் பொண்ணுங்கள அனுப்பற பயம் கொறைஞ்சது. தமிழ்நாட்லயும் கொரோனாவுக்கு அப்புறம் ஸ்கூல் தொறந்து ஆறு மாசத்துல புள்ளைங்க இழந்ததுல மூணுல ரெண்டு பங்க மீட்டாங்க, அந்த மீட்சில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்குக்கு சாயங்காலம் தன்னார்வலர்கள் நடத்தின வகுப்புங்கதான் காரணம்னு ஒரு ஆய்வு கண்டுபிடிச்சிருக்கு.

ஆனா ரெண்டு விஷயத்துல கண்டிப்பா இருக்கணும். தொத்து நோய் காலம்னா குழு சின்னதா, காத்தோட்டமான எடத்துல, அதே ஆளுங்களோட. குண்டு விழற எடம்னா கூட்டமா கூடறதே ஆபத்து, உக்ரைனோட கார்கிவ் நகரத்துல 2023ல மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள வகுப்பறை கட்டித்தான் புள்ளைங்கள நேர்ல உக்கார வச்சாங்க. அப்புறம் சொல்லிக் கொடுக்கற ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, ஒரு புள்ளையோட தனியா, மூடின அறைல இருக்கக் கூடாது. வேற ஒரு பெரியவங்க கண்ணுக்கு எட்டற தூரத்துல எப்பவும் இருக்கணும். இதச் சொல்ல சங்கடப்படாதீங்க, முதல் நாளே எல்லாருக்கும் பொது விதியா சொல்லிட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

## 5. பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பறது

இதுல நான் நிதானமா பேசணும், ஏன்னா இதுல எடுக்கற முடிவு புள்ள மனசுல வாழ்நாள் முழுக்க நிக்கும்.

1939 செப்டம்பர்ல ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சப்ப பிரிட்டன்ல குண்டு விழும்னு பயந்து நகரத்துப் புள்ளைங்க லட்சக்கணக்குல கிராமத்துக்கு அனுப்பப்பட்டாங்க, நெறைய பேர் அப்பா அம்மா இல்லாம. சில மாசத்துலயே அதுல நெறைய புள்ளைங்கள வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. லண்டன்ல போர்க்காலக் காப்பகம் நடத்தின அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் பக்கத்துல இருந்து பாத்து எழுதினது, சின்னப் புள்ளைங்களுக்கு குண்டுச் சத்தத்தவிட அம்மாவப் பிரிஞ்சதுதான் பெரிய அடியா இருந்துச்சுன்னு. பின்லாந்துல இருந்தும் அதே போர்ல கிட்டத்தட்ட 70,000 புள்ளைங்க பெரும்பாலும் ஸ்வீடனுக்குப் போனாங்க, அதுல போன பொண்ணுங்களுக்கு வீட்டோட இருந்த அக்கா தங்கச்சிங்களவிட பெரியவங்களான பிறகு மனச்சோர்வு மாதிரியான பாதிப்புக்காக ஆஸ்பத்திரில சேர வேண்டிய நிலை அதிகமா வந்துச்சு.

அதுக்காக குண்டு விழற எடத்துல புள்ளைய வச்சுக்கங்கன்னு சொல்லல. உயிர் ஆபத்துன்னா ஒரு நாள் கூட யோசிக்காதீங்க, அனுப்புங்க. முடிஞ்சா அம்மாவோ அப்பாவோ கூடப் போங்க, அண்ணன் தங்கச்சிய பிரிக்காதீங்க, தினமும் ஒரே நேரத்துல பேசுங்க, எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு பொய்த் தேதி சொல்லாதீங்க. போற வீட்ல அந்தப் புள்ள ஸ்கூல் போகுதா இல்ல வீட்டு வேல பாக்குதான்னு நேர்ல போய்ப் பாக்க உங்களுக்கு ஒரு ஆள் வேணும். படிப்பு கெடுதுங்கற ஒரே காரணத்துக்காக சின்னப் புள்ளைய தனியா அனுப்பறதுக்கு மட்டும் நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

## 6. இந்த வருஷம் விட்டுடலாமே

சாவு நடந்த வீடு, வீடே இடிஞ்சு போன குடும்பம், அப்பப்ப பதுங்கற நிலைமை, அங்க சில வாரம் பாடமே இல்லாம இருக்கறது சரியான முடிவுதான், அதுக்காக குத்த உணர்ச்சி வேணாம். வாரமா இருக்கற வரைக்கும் ஓய்வு, மாசமானா அது வேற ஒண்ணா மாறிடும். புள்ள வேலைக்குப் போக ஆரம்பிக்கும், நாலு காசு வர ஆரம்பிச்சா நிறுத்த மனசு வராது, பொண்ணுக்கு கல்யாணப் பேச்சு வரும். சியரா லியோன்ல எபோலாவுக்கு அப்புறம் ஸ்கூல் தொறந்தப்ப கர்ப்பமா இருந்த பொண்ணுங்கள உள்ள விடக் கூடாதுன்னு 2015ல தடையே போட்டாங்க. 2019 டிசம்பர்ல மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட பொது நீதிமன்றம் அது தப்புன்னு தீர்ப்பு சொல்லி, 2020 மார்ச்லதான் தடை போச்சு. அஞ்சு வருஷம், ஒரு பொண்ணோட பள்ளிப் படிப்பே அதுக்குள்ள முடிஞ்சிடும்.

## ஒரு பார்வைல

| வழி | யாருக்குப் பொருந்தும் | கண்ணுல படாத செலவு |
|---|---|---|
| ஆன்லைன் கிளாஸ் | பெரிய கிளாஸ், தனி போன் | அட்டென்டன்ஸ படிப்புன்னு நம்பறது |
| ரேடியோ, டிவி | வேற எதுவும் எட்டாத எடம் | பக்கத்துல ஆள் இல்லன்னா வீண் |
| போன் கால் | ஆரம்பப் பள்ளி, பட்டன் போன் | டீச்சரோட நேரம் |
| வீட்ல நாமளே | தினம் ஒரு மணி நேரம் முடியற வீடு | அம்மா தூக்கம், அக்கா படிப்பு |
| சின்ன குழு | சின்ன கிளாஸ், கூட முடியற எடம் | கண்காணிப்பு இல்லன்னா ஆபத்து |
| அனுப்பறது | உயிர் ஆபத்து | பிரிவு |
| விட்டுடறது | சில வாரம் மட்டும் | திரும்பி வராமலே போறது |

## கலந்துதான் எடுக்கணும்

ஒரே வழிய புடிச்சுத் தொங்க வேண்டியதில்ல. சின்னப் புள்ளன்னா வீட்ல ஒரு மணி நேரமும் வாரம் ஒரு போன் காலும், கூட முடிஞ்சா ரெண்டு நாள் குழுவும், ஆன்லைன் கிளாஸ்ல பேர் மட்டும் விட்டுப் போகாம பாத்துக்கங்க. பத்தாவது, பன்னெண்டாவதுன்னா ஆன்லைன முதுகெலும்பா வச்சு ரெண்டு மூணு கூட்டாளிங்களோட சேந்து படிக்க விடுங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போற, வீட்ல படிச்சவங்க யாரும் இல்லாத குடும்பம்னா உங்க முதல் வேலை புள்ளையோட நேரா பேசிப் பாக்கற அந்த ஒரு ஆளத் தேடறது, ஆப் தேடறது இல்ல.

மனசப் பத்தி ஒரு வார்த்தை. படுக்கைய நனைக்கறது, விட்டுப் போகாம ஒட்டிக்கறது, சின்ன சத்தத்துக்கும் பதறறது எல்லாம் பயந்த புள்ளைக்கு வரும், சாப்பாடும் தூக்கமும் விளையாட்டும் ஒரு ஒழுங்குக்கு வந்தா பெரும்பாலான புள்ளைங்க தானா தேறிடுவாங்க. நடந்தத சொல்லு சொல்லுன்னு தோண்டாதீங்க, அதுவா சொன்னா குறுக்க பேசாம கேளுங்க. நியூஸ் சேனல நாள் முழுக்க ஓட விடாதீங்க. வாரக்கணக்குல பேச்சே இல்ல, சாப்பாடே இல்ல, செத்துப் போகணும்னு பேசுதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வயசுக்கோளாறுன்னு விடாதீங்க.

ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வேலை இருக்கு. பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், மாத்துச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர்கிட்ட அனுப்பி வைங்க, ஓடற நேரத்துல அசல் போயிட்டாலும் அந்தப் போட்டோ வேற ஸ்கூல்ல உக்கார வைக்க உதவும். ரெண்டாவது, தொறந்த முதல் வாரம் கிளாஸ் டீச்சரப் பாத்து, எந்தக் கிளாஸ்ல உக்கார வைக்கறீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி, வாசிப்புலயும் கணக்குலயும் என் புள்ள இப்ப எங்க நிக்குதுன்னு பாத்து சொல்ல முடியுமா, அங்க இருந்து ஆரம்பிக்க முடியுமான்னு கேளுங்க. ஒரு அப்பா அம்மா கேட்டா டீச்சரால அந்தப் புள்ளைக்கு மட்டும்தான் பண்ண முடியும், பத்து பேர் சேந்து கேட்டா மொத்த கிளாஸுக்கும் அதுக்குன்னு ஒரு பீரியட் ஒதுக்க முடியும்.